கையுறையிலிருந்து களிம்பு வரை: நிறமி தடுக்கும் சேர்மங்களின் வரலாறு

முன்னுரை

மனிதர் தம் தோலின் நிறத்தை மாற்ற முயன்ற வரலாறு மிகப் பழமையானது. சுண்ணமும் மாவும் பூசி நிறத்தை மறைத்தல் ஒரு முறை. தோலினுள் நிறம் பிறக்கும் தொழிலையே தடுத்தல் மற்றொரு முறை. முன்னது கழுவ நீங்குவது; பின்னது கழுவினும் நீங்காதது. முன்னது ஒப்பனை என்ற சொல்லுக்கு முற்றும் உரியது. பின்னது ஒப்பனை என்ற பெயர் பூண்டு உடலின் வேதியியலில் கைவைப்பது. இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது பின்னதன் வரலாறேயாகும்.

இவ்வரலாற்றை எழுதுவோர் பலர் அதனைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக அமைப்பர். முதலில் பாதரசம், பின்னர் ஹைட்ரோகுவினோன், அதன்பின் கோஜிக் அமிலம், அர்பூட்டின் என ஒன்றினும் ஒன்று சிறந்து வந்தது போல அவ்வரிசை தோன்றும். அங்ஙனம் அமைக்குங்கால் ஓர் உண்மை மறைந்து விடுகின்றது. இத்துறையின் தலையாய பொருள்களுக்கு வழிகாட்டியது அழகு நாடிய ஆய்வுக்கூடம் அன்று. தொழிற்சாலையில் உழைத்தவர் கையில் தோன்றிய கேடேயாகும். அக்கேடு 1939ஆம் ஆண்டில் அச்சேறியது. அதே வகைக் கேடு 74 ஆண்டுகள் கழித்து, 2013இல், மற்றொரு நாட்டில் பல்லாயிரவர் முகத்தில் தோன்றியது. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பை விளக்குவதும், முன்னதை அறிந்திருந்தும் பின்னது நிகழ்ந்தது எவ்வாறு என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

நிறம் பிறக்கும் வழி

வரலாற்றுக்குள் புகுமுன் நிறம் பிறக்கும் முறையைச் சுருங்க அறிதல் வேண்டும். தோலின் மேற்படலத்து அடியில் நிறமிச் செல்கள் ஆங்காங்கே அமைந்துள்ளன. இச்செல்களின் எண்ணிக்கை கருநிறத்தாரிடத்தும் வெண்ணிறத்தாரிடத்தும் ஏறத்தாழ ஒத்தேயிருக்கும். வேறுபாடு அவை ஆக்கும் மெலனின் என்னும் நிறமியின் வகையிலும் அளவிலும், அந்நிறமி தங்கும் நுண்பைகளின் பருமையிலும் பரவலிலும் உள்ளது. நிறமி நிறைந்த நுண்பைகள் அண்டையிலுள்ள புறத்தோல் செல்களுக்குள் செலுத்தப்பட்டு, அவற்றின் உட்கருவின்மேல் குடைபோலக் கவிந்து, ஞாயிற்றின் புறவூதாக் கதிரைத் தடுக்கின்றன. எனவே மெலனின் தோலுக்கு அமைந்த காப்பு என்பது தெளிவாம்.

இந்நிறமியை ஆக்கும் நொதி முதன்முதல் அறியப்பட்டது மனிதத் தோலில் அன்று, காளானில். வெட்டுண்ட காளான் கறுப்பதன் காரணத்தை நாடிய புர்க்கலோ, பெர்த்திரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1895ஆம் ஆண்டை ஒட்டி டைரோசினேஸ் என்னும் நொதியைக் கண்டனர். 1917இல் புரூனோ பிளாக் என்பார், தோலின் நிறமிச் செல்கள் டோபா என்னும் பொருளைக் கருமையாக்குதலைக் காட்டினார். டைரோசின் என்னும் அமினோ அமிலம் டோபாவாகி, டோபா குவினோனாகி, பின்னர்ப் பல படிகள் கடந்து மெலனினாகும் நெறியை 1920களில் இராப்பர் என்னும் ஆங்கில அறிஞர் வகுத்தார். மனிதத் தோலிலும் டைரோசினேஸ் உண்டு என்பது ஃபிட்ஸ்பாட்ரிக், லெர்னர் முதலியோர் 1950இல் வெளியிட்ட ஆய்வால் நிலைபெற்றது. இந்நொதியின் நடுவில் செம்பு அமைந்துள்ளது; அச்செம்பு இன்றேல் நொதி தொழிற்படாது.

ஆகவே நிறத்தைக் குறைக்க விழைவோர்க்கு நான்கு வழிகள் உள. நொதியைத் தடுத்தல், நொதியைச் செல் ஆக்காவாறு செய்தல், ஆக்கப்பட்ட நிறமி அண்டைச் செல்லுக்குச் செல்லாவாறு செய்தல், நிறமிச் செல்லையே அழித்தல் என்பன அவை. முதல் மூன்றும் நீங்கினால் நிறம் மீளும். நான்காவதில் மீளாது போதலும் உண்டு. முதல் வழியை நாடியவர் தம்மை அறியாமலே நான்காவதில் சென்று வீழ்ந்ததே இவ்வரலாற்றின் உயிர்நிலை எனலாம்.

பாதரசக் காலம்

நொதி அறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே பாதரசக் கூட்டுப்பொருள்கள் முகப்புள்ளிகளைப் போக்கப் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமோனியா சேர்ந்த பாதரச உப்பு, விற்பனைக் களிம்புகளில் மிகுதியாக இடம்பெற்றது. நொதியின் செம்பிருக்கும் இடத்தைப் பாதரசம் கவர்ந்துகொள்வதால் நிறம் குறைகின்றது எனப் பிற்காலத்தார் விளக்கினர். ஆயின் பாதரசம் தோலோடு நின்று விடுவதன்று. குருதியிற் கலந்து சிறுநீரகத்தைச் சென்று தாக்குவது. 1972இல் நைரோபி நகர மருத்துவர்கள், தம்மிடம் சிறுநீரக நோயோடு வந்த பெண்டிர் பலர் பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகளைப் பூசி வந்தோர் என எடுத்துக் காட்டினர்.

அமெரிக்க ஐக்கிய நாடு 1973இலும், ஐரோப்பியப் பொருளாதாரக் குழுமம் 1976இலும் இத்தகைய களிம்புகளில் பாதரசத்தை விலக்கின. எனினும் விலக்கிய நாடுகளில் சிலவற்றில் பிற நாடுகளுக்கென ஆக்குதல் உடனே நின்றுவிடவில்லை. 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாதரசமுள்ள ஒப்பனைப் பொருள்களை 2020க்குள் ஒழிக்க வேண்டும் என வரையறுத்தது. 2023இல் கூடிய உறுப்பு நாடுகள் அவ்வரம்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள் எதுவும் 2025க்குப்பின் ஆகாது என முடிவு செய்தன. தீங்கு அறியப்பட்ட காலத்திற்கும் உலகளாவிய தடைக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

தோல் பதனிடுவோர் கையுறை

இனி நம் ஆய்வின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்தோர் பலருக்குக் கைகளிலும் முன்கைகளிலும் வெண்மையான திட்டுகள் தோன்றின. அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பினத்தார். ஆதலின் அவ்வெண்மை எளிதிற் புலப்பட்டது. திட்டுகளின் எல்லை அவர்கள் அணிந்த ரப்பர் கையுறையின் எல்லையோடு ஒத்திருந்தது. ஆலிவர், சுவார்ட்ஸ், வாரன் என்னும் மருத்துவர் மூவரும் இதனை ஆராய்ந்து 1939இல் வெளியிட்டனர். ரப்பர் காற்றுப்பட்டு நலியாமல் காக்கும் பொருட்டுச் சேர்க்கப்பட்ட ஹைட்ரோகுவினோனின் ஒற்றைப் பென்சைல் ஈதர் என்னும் பொருளே காரணம் என அவர்கள் நிறுவினர். இப்பொருள் இந்நாளில் மோனோபென்சோன் எனப்படும்.

அவர்கள் கண்ட செய்திகளுள் ஒன்று பிற்கால ஆய்வாளர் மறந்திருத்தல் ஆகாதது. சிலருக்குக் கையுறை படாத இடங்களிலும் வெண்திட்டுகள் தோன்றின. ஒரு பொருள் பட்ட இடத்தில் மட்டும் நொதியைத் தடுப்பதாயின், படாத இடம் வெளுத்தற்குக் காரணம் இல்லை. எனவே வெறுந் தடுப்பினும் ஆழமான ஒரு செயல் நிகழ்ந்தது என்பது அன்றே ஊகித்தற்குரியதாயிற்று.

ஆயின் மருத்துவ உலகம் இந்நிகழ்ச்சியை எச்சரிக்கையாக மட்டும் கொள்ளவில்லை, வாய்ப்பாகவும் கொண்டது. கருமையைப் போக்கும் பொருள் ஒன்று கிடைத்தது எனக் கருதி, 1950களில் முகக் கருந்திட்டுகளுக்கு மோனோபென்சோனைப் பூசலாயினர். விளைவு நன்றாக அமையவில்லை. நிறம் சீராகக் குறையாமல் புள்ளிபுள்ளியாக முற்றும் நீங்கியது, பூசாத இடங்களிலும் நீங்கியது, மீளாதும் நின்றது. இந்நாளில் அப்பொருள் ஒரே ஒரு பயனுக்கு உரியது. உடலின் பெரும்பகுதியில் வெண்புள்ளி பரவிய ஒருவர், எஞ்சிய நிறத்தையும் நீக்கி ஒருநிறமாதலை விரும்பினால் அதற்கு மட்டும் மருத்துவர் அதனைக் கையாள்வர். தொழிலாளர் கையில் கேடாக அறியப்பட்டது, நிறத்தை முற்றும் நீக்குதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

ஹைட்ரோகுவினோனும் தென்னாப்பிரிக்காவும்

மோனோபென்சோன் கைவிடப்படவே, அதன் தாய்ப்பொருளாகிய ஹைட்ரோகுவினோனின்பால் நாட்டம் சென்றது. ஒளிப்படக் கலையில் படத்தை உருத்துலக்கும் பொருளாக அது முன்பே பெயர்பெற்றது. 1961இல் ஸ்பென்சர் என்னும் அமெரிக்க மருத்துவர் அதன் வெளுப்பாற்றலை ஆய்ந்து வெளியிட்டார். மோனோபென்சோனைவிட மென்மையானது, நிறுத்தினால் நிறம் மீள்வது. இவ்விரு காரணங்களால் அது விரைவில் உலகெங்கும் பரவியது. 1975இல் கிளிக்மன், வில்லிஸ் என்போர் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் ஆகிய மூன்றும் சேர்ந்த கலவையை வெளியிட்டனர். மெலாஸ்மா எனப்படும் முகக் கருந்திட்டுக்கு மருத்துவர் மேற்பார்வையில் குறுகிய காலத்துக்கு இவ்வகைக் கலவை இன்றும் பயன்படுகின்றது. மருந்தாக அளவோடு கொள்ளும்போது ஹைட்ரோகுவினோனுக்கு உரிய மதிப்பை நாம் மறுத்தற்கில்லை.

கேடு விளைந்தது அளவும் மேற்பார்வையும் அற்ற இடத்தில். தென்னாப்பிரிக்காவில் 1950இல் இயற்றப்பட்ட மக்கட் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பிரித்து, வாழும் இடத்தையும் கல்வியையும் தொழிலையும் அப்பிரிவுக்கேற்ப வரையறுத்தது. நிறமே நல்வாழ்வின் திறவுகோலாயிருந்த அந்நாட்டில் வெளுப்புக் களிம்புகள் பெருவணிகமாயின. அதே 1975ஆம் ஆண்டில் பிரிட்டோரியாவைச் சேர்ந்த ஃபிண்ட்லே என்பாரும் உடனாய்வாளரும் ஒரு புதிய நோயை வெளியிட்டனர். ஹைட்ரோகுவினோன் களிம்பை நெடுநாள் பூசிய கறுப்பினப் பெண்டிரின் கன்னங்களில் தோல் கரடுபட்டு, நீலங்கலந்த கருமை ஏறியிருந்தது. தோலின் உட்படலத்தில் காவிநிறப் பொருள் படிந்திருந்தது. 1866இல் ஃபிர்கோ என்பார் பிறவிக் குறை ஒன்றிற்கு இட்ட ஓக்ரனோசிஸ் என்னும் பெயரே, புறத்திலிருந்து வந்தது என்ற அடையோடு இந்நோய்க்கும் வழங்கலாயிற்று.

வெளுக்கப் பூசியது கறுக்கச் செய்தது. இம்முரணால் விளைந்த துன்பம் பெரிது. கருமை ஏறியதைக் கண்டவர், களிம்பு போதவில்லை எனக் கருதி மேலும் பூசினர். பூசப்பூசக் கருமை மிகுந்தது. இக்கருமை மேற்படலத்து மெலனினால் ஆகாது உட்படலத்தில் படிந்ததாகலின், எளிதில் நீங்கவும் இல்லை. 1976இல் ஸ்டீவ் பிக்கோ நீதிமன்றத்தில் சான்றுரைத்தபோது, தம் மக்கள் வெளுப்புக் களிம்பைப் பூசுவதைத் தாழ்வுணர்ச்சியின் அடையாளங்களுள் ஒன்றாகச் சுட்டினார். 1980களில் களிம்பின் ஹைட்ரோகுவினோன் அளவு 2 விழுக்காடாக வரையறுக்கப்பட்டது, நோய் நிற்கவில்லை. தோல் மருத்துவரும் கறுப்பின நுகர்வோர் அமைப்பினரும் விடாது வற்புறுத்தியதன் பயனாக, 1990இல் அந்நாடு ஒப்பனைப் பொருள்களில் ஹைட்ரோகுவினோனை முற்றும் தடை செய்தது. வெளுக்கச் செய்யும் என விளம்பரப்படுத்துதலையும் விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2001இல் வந்தது. அமெரிக்காவில் மருத்துவர் சீட்டின்றி விற்றல் 2020இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நின்றது.

ஜப்பானியத் தேடல்

ஜப்பானில் வரலாறு வேறு நெறியிற் சென்றது. அந்நாட்டில் பிஹாகு, அதாவது அழகிய வெண்மை, என்னும் பெயரால் நிறங்குறைக்கும் பொருள்கள், மருந்துக்கும் ஒப்பனைக்கும் இடைப்பட்ட ஒரு வகையாக அரசின் ஒப்புதல் பெற்றே விற்கப்பட வேண்டும். 1907இல் சைட்டோ என்னும் அறிஞர், சாக்கே மதுவும் சோயாச் சாறும் ஆக்கப் பயன்படும் கோஜிப் பூஞ்சணத்தினின்று ஓர் அமிலத்தைப் பிரித்தார். யாபுட்டா என்பார் அதன் அமைப்பைத் தெளிவுறுத்தினார். இதுவே கோஜிக் அமிலம். நொதியின் செம்பைப் பற்றிக்கொண்டு அதனைச் செயலறச் செய்யும் இவ்வமிலம் 1988இல் ஒப்புதல் பெற்றது. விலங்குச் சோதனையில் ஐயம் எழுந்தமையால் 2003இல் நிறுத்தப்பட்டு, மறு ஆய்வுக்குப்பின் 2005இல் மீண்டும் இசைவு பெற்றது.

அர்பூட்டின் 1989இல் ஒப்புதல் பெற்றது. கரடிப்பழச் செடியின் இலையில் உள்ள இப்பொருள், ஹைட்ரோகுவினோனோடு குளுக்கோசு பிணைந்தது. தாய்ப்பொருளின் கடுமையைச் சர்க்கரை தணிக்கும் என்பது அதனை ஆக்கியோர் கருத்து. இத்தாலியில் 1978இல் நசாரோ-போர்ரோ என்னும் அறிஞர், தேமலில் தோல் வெளுப்பதன் காரணத்தை ஆராய்ந்து அசெலாயிக் அமிலத்தை முன்வைத்ததும் இக்காலத்து நிகழ்ச்சியே. இயற்கையில் உள்ளது, ஆதலின் தீங்கற்றது என்னும் எண்ணம் இத்தேடலின் அடியில் ஓடியது. அவ்வெண்ணத்தின் வலிமை அடுத்து வந்த நிகழ்ச்சியில் அளந்தறியப்பட்டது.

2013ஆம் ஆண்டு

ரோடோடென்ட்ரால் என்பது பூர்ச்ச மரத்திலும் ஜப்பானிய மேப்பிள் வகை ஒன்றிலும் காணப்படும் பொருள். டைரோசினோடு ஒத்த அமைப்புடையது. ஆதலின் நொதியின் இடத்தை அடைத்துக்கொண்டு மெலனின் ஆக்கத்தைத் தடுப்பது. 2008இல் ஒப்புதல் பெற்று, 2 விழுக்காட்டு அளவில் கனேபோ நிறுவனத்தாரின் பூச்சுகளிற் சேர்க்கப்பட்டது. சில ஆண்டுகளில் பூசியவர் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெண்திட்டுகள் தோன்றலாயின. 2011இலேயே முறையீடு வந்தும், அது வாடிக்கையாளரின் சொந்த நோய் எனக் கொள்ளப்பட்டது. மருத்துவர்கள் பூச்சைச் சுட்டிக் காட்டிய பின்னரே, 2013 ஜூலையில் 54 வகைப் பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. பாதிக்கப்பட்டோர் தொகை இருபதினாயிரத்தை நெருங்கியது. பூசுதலை நிறுத்தியபின் பலருக்கு நிறம் முற்றிலுமோ ஓரளவோ மீண்டது; சிலருக்கு மீளவில்லை.

காரணம் ஆய்ந்தறியப்பட்டது. ரோடோடென்ட்ரால் நொதியை அடைத்து நிற்பதோடு அமையவில்லை. டைரோசினைப் போன்றிருத்தலால் நொதி அதனையும் தன் உணவாகவே ஏற்று, குவினோனாக மாற்றியது. அக்குவினோன் நிறமிச் செல்லுக்கு நஞ்சாய் முடிந்தது. பிற செல்களில் இந்நொதி இல்லையாதலின் அவை தப்பின. நொதியுடைய செல்லே மாய்ந்தது. பூட்டை அடைக்க இட்ட திறவுகோல் பூட்டைத் திறந்து உள்ளே புகுந்தது எனலாம். மோனோபென்சோன் செய்ததும் இதுவே. அதன் குவினோன் புரதத்தோடு பிணைந்து, உடலின் காப்பாற்றல் தன் நிறமிச் செல்களையே பகையெனத் தாக்குமாறு செய்வதால், கையுறை படாத இடமும் வெளுத்தது எனப் பிற்கால ஆய்வாளர் விளக்குகின்றனர்.

ஈண்டு எழும் வினா ஒன்று. இது முன்னரே அறியத்தக்கதன்றோ? 1939 முதல் பற்பல பீனால் வகைப் பொருள்கள் தொழிலாளர்க்கு வெண்திட்டை விளைவித்தல் மருத்துவ ஏடுகளில் வந்துகொண்டேயிருந்தது. இன்னும் நெருங்கிய சான்றும் உண்டு. ராஸ்பெர்ரிப் பழமணத்திற்குரிய கீட்டோன் என்னும் பொருளினின்று ஒரு படி மாறுபட்டதே ரோடோடென்ட்ரால். அக்கீட்டோனை ஆக்கும் பணியிலிருந்த தொழிலாளர் சிலர்க்கு வெண்திட்டு உண்டாயிற்று என்னும் செய்தி, அதே ஜப்பானில், 1998இல் தொழில்நல ஏடு ஒன்றில் வெளிவந்தது. ஒப்பனை ஆய்வாளர் படித்த ஏடுகள் வேறு. தொழிலாளர் நோயைப் பதிந்த ஏடுகள் வேறு. அறிவு இல்லாமையால் அன்று, அறிவு ஓரிடத்திலும் தேவை பிறிதோரிடத்திலும் கிடந்தமையாலேயே இக்கேடு விளைந்தது என்பது எம் கருத்து.

காளானும் மனிதரும்

மற்றொரு குறையும் பின்னர் வெளிப்பட்டது. தடுப்புப் பொருளைத் தேடியோர் பன்னெடுங்காலம் காளானின் டைரோசினேஸையே சோதனைக்குக் கொண்டனர். அது மலிவாகக் கிடைப்பது. மனித நொதியோ ஆக்கற்கு அரியது. 2018இல் ஜெர்மானிய ஆய்வாளர், மனித நொதியை ஆய்வுக்கூடத்தில் ஆக்கி, 50,000 சேர்மங்களை அதன்மேற் சோதித்தனர். காளான் நொதியை நன்கு தடுத்த கோஜிக் அமிலமும், அர்பூட்டினும், ஹைட்ரோகுவினோனும் மனித நொதியை மிகச் சிறிதே தடுத்தன. ரிசார்சினாலோடு தயசோல் பிணைந்த ஒரு பொருள் சிறந்து நின்றது. தயாமிடால் எனப்படும் அது இன்று விற்பனையில் உள்ளது. அதுவும் பீனால் வளையம் உடையதே. ஆதலின் நொதியை எவ்வளவு தடுக்கின்றது என்பதோடு, நொதி அதனை என்னவாக மாற்றுகின்றது என்றும் கேட்டல் வேண்டும். 1939ஆம் ஆண்டுக் கையுறை கற்பித்த வினா இதுவே.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் 1975இல் அறிமுகமான ஃபேர் அண்டு லவ்லி என்னும் பூச்சு நியாசினமைடு என்னும் வைட்டமினை அடிப்படையாகக் கொண்டது. அது நொதியைத் தடுப்பதன்று. நிறமிப் பைகள் அண்டைச் செல்லுக்குச் செல்வதைக் குறைப்பது என 2002இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே நாம் மேற்கூறிய பீனால் வகையோடு அதனை ஒருங்கு வைத்தெண்ணுதல் பொருந்தாது. அதன் பெயரிலிருந்த வெண்மைச் சொல் 2020இல் நீக்கப்பட்டது. வேதியியல் தீங்கு மிக்கது வேறு பக்கத்தில் இருந்தது. கிளிக்மன் கலவையைப் பின்பற்றிய முக்கூட்டுக் களிம்புகள் மருத்துவர் சீட்டின்றி மருந்துக் கடைகளில் வாங்கப்பட்டு, முகப்பூச்சாக மாதக்கணக்கில் பூசப்பட்டன. அவற்றிலுள்ள ஸ்டீராய்டால் தோல் மெலிந்து சிவந்து, பருவும் மயிரும் தோன்றிய முகங்களைத் தோல் மருத்துவர் தனி நோயாகவே பெயரிட்டுப் பதிந்தனர். 2018இல் மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பல, மருத்துவர் சீட்டின்றி விற்றல் ஆகாத பட்டியலுக்குக் கொணரப்பட்டன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். ஒன்று: நிறமி தடுக்கும் பொருள்களின் வரலாறு தொழிலாளரின் உடலிலிருந்து தொடங்குகின்றது, அவர்கள் கேட்டைப் பதிந்த ஏடே இத்துறையின் முதல் நூல். இரண்டு: டைரோசினைப் போன்றிருத்தலே தடுப்பாற்றலுக்கும் நச்சாற்றலுக்கும் பொதுவான வேராதல் கூடும், ஆகவே முன்னதை மட்டும் அளந்து பின்னதை அளவாதுவிடல் ஆய்வாகாது. மூன்று: ஒவ்வொரு கேட்டிலும் முதலில் ஐயுறப்பட்டது பொருளன்று, அதனைப் பூசியவரே. போதப் பூசவில்லை என்றோ, அவர்தம் சொந்த நோய் என்றோ கூறப்பட்டதை மேலே கண்டோம்.

சங்கச் சான்றோர் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை மகளிர்க்கு அழகாகப் போற்றியதும், அந்நிறம் கெட்டுப் பசலை பாய்தலை இழப்பாகக் கூறியதும் தமிழ் கற்றார் அறிவர். வெண்மையே அழகு என்னும் கருத்து எல்லாக் காலத்துக்கும் பொதுவானதன்று என்பதற்கு அஃதொரு சான்று. நிறத்தை எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பது அவரவர் உரிமை. ஆனால் மதிப்பின் பொருட்டுப் பூசப்படும் ஒன்று தோலினுள் என்ன செய்கின்றது என்பதைப் பூசுவோர் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு 1939 முதல் ஏடுகளில் உள்ளது. அதனை ஏட்டினின்று கடைத்தெருவுக்குக் கொணர்தல் ஆய்வாளர் கடனாகும்.